தங்கைக்காகக் குறைத்த பதினான்கு கிலோ

1

போன வாரம் நான் போகிற உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜெர்மனியில் எல்லாமே கடிதமாகத்தான் வரும். குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வாசலில் வைக்க வேண்டும் என்பதற்குக்கூடக் கடிதம் உண்டு. இது சந்தாவைப் புதுப்பிக்கிற படிவம். மூன்றாவது கேள்வி: உங்கள் இலக்கு என்ன? எதிரே நான்கு கட்டங்கள். கொழுப்பைக் குறைப்பது. தசையை வளர்ப்பது. ஆரோக்கியமாக இருப்பது. வேறு.

இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. என்னுடைய ஜெர்மன், கிடங்கில் வேலை செய்யவும் பேக்கரியில் பாண் வாங்கவும் போதும். படிவம் நிரப்பப் போதாது. அதை என் மகள் நிலானிதான் செய்வாள். அவளுக்குப் பதினேழு வயது. நான் தமிழில் பேசுவேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் இது பழகிப்போய்விட்டது.

"எந்தக் கட்டம் பப்பா?" என்று கேட்டாள்.

"விட்டுடும்மா."

"விட முடியாது. ஒன்றையாவது போட வேண்டும்."

அவள் கொஞ்சநேரம் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்துவிட்டு, 'வேறு' என்ற கட்டத்தில் பெருக்கல் குறி போட்டாள். அதற்குப் பக்கத்தில் விளக்கம் எழுத ஒரு வரி விட்டிருந்தார்கள். அதை வெறுமையாகவே அனுப்பினோம்.

என் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு இலங்கையில் நோர்வூட்டிலும் ஹட்டனிலும் இருக்கிற பழைய கூட்டாளிகள், "ஐம்பது வயசுல ஆசையப் பாருங்க" என்று எழுதுகிறார்கள். இது ஆசையால் செய்ததல்ல. என்ன நடந்தது என்று அவர்களுக்கும் சேர்த்தே இங்கே எழுதிவிடுகிறேன்.

2

எங்கள் தேயிலைத் தோட்டம் நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற பாதையில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் வேலை செய்தார்கள். இருவரும் இப்போது இல்லை. எனக்கு ஒரே தங்கை, பெயர் மல்லிகா. என்னைவிட ஆறு வயது இளையவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆசிரியையாகப் போன முதல் பெண் அவள்தான்.

அவள் அந்தோணியைக் கல்யாணம் செய்துகொண்டபோது நான் இங்கே வந்து எட்டு வருடங்கள் ஆகியிருந்தன. அந்தோணி ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆட்டோ ஓட்டுபவர். கத்தோலிக்கர். மல்லிகாவுக்கு நான் இங்கிருந்தபடியே கொழும்பில் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தேன். அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். நான் நான்கு வருடம் அவளோடு பேசவில்லை. அப்பா இறந்த பிறகு பேசத் தொடங்கினேன், ஆனால் அவளோடு மட்டும். போனை அந்தோணி எடுத்தால், "மல்லிகா இருக்காளா?" என்பேன். "இந்தா குடுக்கிறேன்" என்று கொடுத்துவிடுவார். முதல் பதினாறு வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன், இங்கே பனி கரைந்து பாதையெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு நாள், மல்லிகா கூப்பிட்டாள். எனக்கு மதிய சாப்பாட்டு இடைவேளை.

"அண்ணே, வேலையில இருக்கீங்களா?"

"சாப்பிடுறேன். சொல்லு."

"எனக்குக் கால் வீங்குதுன்னு சொன்னேன்ல. செக் பண்ணிட்டாங்க. ரெண்டு கிட்னியும் போச்சாம்."

"போச்சாம்னா?"

"வேலை செய்யலையாம். நாளையிலருந்து நுவரெலியாவுக்கு வாரத்துல ரெண்டு தடவ வரச் சொல்றாங்க. மெஷின்ல போட்டு ரத்தத்தச் சுத்தம் பண்ணணுமாம்."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அங்க மழையா?" என்று கேட்டேன். "இல்லண்ணே, நல்ல வெயில்" என்றாள். மிச்சமிருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். டப்பாவைக் கழுவி வைத்தேன். போய் ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்கார்ந்தேன். என் வேலை அதுதான். எட்டு மணி நேரமும் உட்கார்ந்தபடியே ஒரு கைப்பிடியை அசைத்தால், டன் கணக்கில் பாரம் மேலே ஏறும், கீழே இறங்கும். உடம்பு ஒரு அங்குலம் அசையாது. அன்றைக்கும் ஒரு பெட்டி கூடத் தவறவில்லை.

சாயங்காலம் அவளைத் திரும்பக் கூப்பிட்டேன். "கிட்னிய நான் தர்றேன். வேற யாரும் ஒண்ணும் பண்ண வேணாம். நான் இருக்கேன்" என்றேன். அவள் அழுதாள். எனக்கும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

என் மனைவி வசந்தி யாழ்ப்பாணத்துக்காரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ஒண்டு நடந்தா நானும் பிள்ளையும் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி. நான் உள்ளே போய் விமானச் சீட்டுப் பார்த்தேன்.

3

கண்டியில் பரிசோதனைகள் நடந்தன. தோட்டத்திலிருந்து ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கிப் போக வேண்டும். அந்தோணி ஒரு வேன் பிடித்து அவரே ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பதும் நான் சன்னல் பக்கம் திரும்புவதுமாக மூன்று மணி நேரம் போயிற்று.

இரத்த வகை பொருந்தியது. மற்றப் பொருத்தங்களும் சரியாகவே இருந்தன. ஆனால் டொக்டர் என் கோப்பை மூடி வைத்துவிட்டார். நல்ல மனிதர், சிங்களவர். நிதானமான தமிழில் பேசினார்.

"ஒங்க நிறை தொண்ணூத்திரெண்டு கிலோ. உயரத்துக்கு ரொம்பக் கூட. ரத்தத்துல சீனியும் எல்லையில நிக்குது. இப்ப எடுத்தா நாளைக்கு நீங்களும் அந்த மெஷினுக்கு வருவீங்க. எழுபத்தெட்டுக்கு வாங்க, பார்ப்போம்."

"எவ்வளவு நாள் இருக்கு டொக்டர்?"

"ஆறு மாசம், ஏழு மாசம். பட்டினி கிடக்க வேணாம். கொழுப்பு மட்டும் போகணும், தசை போகக்கூடாது. ஆபரேஷன் தாங்க ஒடம்புல பலம் வேணும்."

அடுத்தது காகிதம். நாங்கள் இருவரும் கூடப்பிறந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் கருப்பையா. மல்லிகாவுடையதில், அந்தக் காலத்தில் எழுதியவர் கைதவறியோ காது தவறியோ, கருப்பாயி என்று சிங்களத்தில் எழுதியிருந்தார். அந்தக் காகிதத்தின்படி என் தங்கையின் அப்பா ஒரு பெண். பிரதேச செயலகத்தில் இருந்த அம்மணி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், தோட்டத்துப் பதிவேட்டின் பிரதி என்று இரண்டு வாரம் ஓடியது. என்னுடைய லீவு அதிலேயே முடிந்தது.

விமான நிலையத்துக்குப் போகிற வழியில், வேனில் மல்லிகா என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். "சின்ன வயசுலருந்தே ஒங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு அம்மா சொல்லும். இப்ப டொக்டரே சொல்லிட்டாரு." முன்னால் அந்தோணியின் தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

4

ஜெர்மனிக்குத் திரும்பிய மூன்றாம் நாள் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்த பயிற்சியாளர் பெயர் டானியேலா. ஐம்பத்தைந்து வயதிருக்கும், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் "பாவம்" என்றோ "பெரிய மனசு" என்றோ ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

திட்டம் எளிமையானது. திங்கள், புதன், வெள்ளி பாரம் தூக்குவது. ஐந்தே பயிற்சிகள்: உட்கார்ந்து எழும்புவது, தரையிலிருந்து தூக்குவது, நெஞ்சுக்கு நேரே தள்ளுவது, முதுகுப் பக்கம் இழுப்பது, தலைக்கு மேலே உயர்த்துவது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, மூன்று சுற்று. பன்னிரண்டு தடவை சிரமமில்லாமல் வந்தால் அடுத்த முறை இரண்டரைக் கிலோ கூட்ட வேண்டும். செவ்வாயும் வியாழனும் ஓடுபட்டி இயந்திரத்தில் மேடு வைத்து நாற்பது நிமிடம் வேகமாக நடப்பது. சனிக்கிழமை வெளியில் நீண்ட நடை. ஞாயிறு ஓய்வு.

"நடந்தால் கொழுப்பு குறையும். ஆனால் பாரம் தூக்காமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் உடம்பு தசையையும் சேர்த்துத் தின்றுவிடும். இரண்டும் வேண்டும்" என்றார். சோறு தட்டில் கால்வாசி. மரக்கறி பாதி. மிச்சக் கால்வாசியில் மீன், முட்டை, பருப்பு, கடலை, தயிர். பயிற்சி செய்பவர்கள் கரைத்துக் குடிக்கிற மாவு ஒன்றைப் பற்றியும் சொன்னார். நான் கண்டி டொக்டரிடம் கேட்டேன். வேண்டாம், சிறுநீரகப் பரிசோதனைக் கணக்கைக் குழப்பிவிடும், சாப்பாடே போதும் என்று பதில் வந்தது. டானியேலா அந்த வரியை அடித்தார்.

"எனக்கு இதில் விருப்பம் வரும் என்று தோன்றவில்லை" என்றேன்.

"விருப்பம் எதற்கு? திங்கட்கிழமை என்றால் வாருங்கள். அவ்வளவுதான்."

எனக்கு அது வசதியாக இருந்தது. விரும்பச் சொல்லியிருந்தால் என்னால் முடிந்திருக்காது.

இரண்டாம் நாள் காலை டானியேலா, "முஸ்கெல்காட்டர் இருக்கிறதா?" என்று கேட்டார். காட்டர் என்றால் ஆண் பூனை என்று எனக்குத் தெரியும். "இல்லை, எங்கள் வீட்டில் பிராணி வளர்க்க வீட்டுக்காரர் விடமாட்டார்" என்றேன். பக்கத்தில் இருந்த இருவர் பயிற்சியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலிக்கு இந்த நாட்டில் அப்படி ஒரு பெயர். அதுவரை இருந்த இருபத்துநான்கு வருடத்தில் எனக்கு ஒரு தடவைகூட அந்தச் சொல் தேவைப்படவில்லை. அன்றைக்கு என்னால் மாடிப்படி இறங்க முடியாத அளவுக்குப் பூனை இருந்தது.

நிலானி கணினியில் ஓர் அட்டவணை செய்து கொடுத்தாள். திகதி, நிறை, இடுப்பளவு, எத்தனை கிலோ தூக்கினேன் என்று நிரல்கள். ஒவ்வொரு ஞாயிறும் அவளே கேட்டு நிரப்புவாள். எங்கள் இருவருக்குள் நெடுநாளுக்குப் பிறகு ஒரு வேலை இருந்தது. ஒரு ஞாயிறு, எண்பத்தொன்பது என்று தட்டிவிட்டு, "அத்தை எப்படிப்பட்டவர்?" என்று கேட்டாள். அவளுக்கு மல்லிகா என்றால் போனில் தெரிகிற ஒரு முகம், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்கிற ஒரு குரல். யோசித்துப் பார்த்தேன். மல்லிகா கணக்குப் பாடம் படிப்பிக்கிறாள், புளி நிறையப் போட்டுச் சமைப்பாள், கோபம் வந்தால் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவாள். அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. பதினெட்டு வயதில் நான் விட்டுவந்த பெண்ணைத்தான் எனக்குத் தெரியும். இவளுக்கு நாற்பத்திரண்டு.

5

முதல் இரண்டு மாதத்தில் ஏழு கிலோ போனது. பிறகு நின்றுவிட்டது. எண்பத்தைந்து. அடுத்த வாரமும் எண்பத்தைந்து. அதற்கடுத்த வாரம் எண்பத்தைந்து புள்ளி மூன்று. டானியேலா அட்டவணையைப் பார்த்துவிட்டு, "உடம்பு பழகிவிட்டது. சோற்றில் இரண்டு கரண்டி குறையுங்கள், நடையில் பத்து நிமிடம் கூட்டுங்கள்" என்றார். குறைத்தேன், கூட்டினேன்.

அதே வாரங்களில்தான் மல்லிகாவுக்கு இரத்தத்தைச் சுத்தம் செய்வதற்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாயில் கிருமி பிடித்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். போனில் பேசும்போது இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினாள்.

"எவ்வளவுண்ணே இப்ப?"

"எண்பத்தஞ்சு."

"போன வாரமும் அதானே சொன்னீங்க."

"ஆமா."

"பரவால்ல. மெதுவாக் கொறைங்க. அவசரம் இல்ல."

அவசரம் இல்லை என்று அவள் சொன்னபோது அவளுக்குப் பின்னால் ஏதோ ஒரு இயந்திரம் கூவிக்கொண்டிருந்தது. மறுநாள் நான் தரையிலிருந்து அறுபது கிலோ தூக்கினேன். முதல் தடவை. அட்டவணையில் அந்தக் கட்டத்தை நிலானி பச்சையாக்கினாள்.

இந்தப் பக்கம் காகிதங்கள் தொடர்ந்தன. வேறு நாட்டில் உறுப்பு கொடுக்கப் போகிறவன் வேலைக்கு எத்தனை வாரம் வராமல் இருப்பான், அது நோயா, விடுமுறையா, விபத்தா என்று மூன்று அலுவலகங்கள் ஒன்றையொன்று கேட்டுக் கடிதம் எழுதின. ஒரு கடிதத்தில் என்னை 'கொடையாளர்' என்று எழுதியிருந்தார்கள். நிலானி அந்தச் சொல்லை எனக்கு விளக்கினாள். விளக்கிவிட்டு, "பயமாக இருக்கிறதா பப்பா?" என்று கேட்டாள்.

"இல்ல. பசிக்குது" என்றேன். அது உண்மை. எனக்கு அந்த மாதங்களில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே உணர்ச்சி பசிதான்.

6

அது ஒரு சனிக்கிழமை முற்பகல். மழை பெய்ததால் வெளியில் நடக்காமல் கூடத்துக்குப் போயிருந்தேன். அன்று காலை நிறை எண்பது புள்ளி ஐந்து. இழுக்கிற இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. மல்லிகாவின் எண். எடுத்தேன்.

"மச்சான், நான் அந்தோணி பேசுறேன்."

அவர் என்னை நேரடியாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"மல்லிகாவுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல, நல்லாருக்கா. ஆபரேஷன் முடிஞ்சு நாலு நாளாச்சு. மூத்திரமெல்லாம் நல்லாப் போவுது. டொக்டர் சந்தோசமா இருக்காரு."

"என்ன ஆபரேஷன்?"

"கிட்னி வச்ச ஆபரேஷன்தான் மச்சான்."

"யாரோடது?"

பின்னால் யாரோ ஒரு தாதி சிங்களத்தில் ஏதோ சொல்வது கேட்டது.

"என்னோடதுதான்" என்றார். "முந்தியே சொல்லியிருக்கணும். கோவிச்சுக்காதீங்க. இப்பத்தான் எந்திரிச்சு உக்காந்து பேச முடியுது."

"நான் தர்றேன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க மச்சான். அந்தக் குழாயில கிருமி புடிச்சப்ப, இன்னும் தள்ளிப்போட்டா ஆபத்துன்னுட்டாங்க. எனக்கும் முன்னாலயே டெஸ்ட் பண்ணியிருந்தாங்க. பிரஷர் கொஞ்சம் இருந்துச்சு. அரக்குக் குடிக்கிறத விட்டேன், உப்ப விட்டேன், காலைல ஆட்டோ ஹயருக்குப் போறதுக்கு முன்ன மலையச் சுத்தி நடந்தேன். கொறைஞ்சிருச்சு."

"பேப்பரெல்லாம்?"

"கல்யாண சேர்ட்டிபிகேட் இருக்குல்ல. அதுல ஒரு பெழையும் இல்ல."

நான் போகாத கல்யாணத்தின் சான்றிதழ். "சரி. உடம்பப் பாத்துக்கங்க" என்றேன். போனை வைத்தேன். மூன்றாவது சுற்றில் இன்னும் நான்கு மிச்சம் இருந்தன. அந்த நான்கையும் இழுத்து முடித்தேன். துண்டால் இருக்கையைத் துடைத்தேன். அது இங்கே விதி.

வீட்டுக்கு வந்து வசந்தியிடம் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடவுளே, நல்லதாப் போச்சு" என்றாள், திரும்பத் திரும்ப. இத்தனை மாதம் அவள் பயத்தை எங்கே வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நிலானி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் இரண்டு முட்டை அவித்து, உரித்து, சாப்பிட்டேன். சனிக்கிழமை மதியத்துக்கு அட்டவணையில் இரண்டு முட்டை.

7

மூன்று வாரம் கழித்து எழுபத்தெட்டுக்கு வந்தேன். தராசில் அந்த எண்ணைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றேன். இனி யாருக்கும் அது தேவையில்லை. டானியேலாவிடம் காட்டியபோது கை கொடுத்தார். "அறுவைச் சிகிச்சை எப்போது?" என்று கேட்டார். முடிந்துவிட்டது, வேறு ஒருவர் கொடுத்துவிட்டார் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "திங்கட்கிழமை வருவீர்கள்தானே?" என்றார்.

போனேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சர்க்கரை எல்லையிலிருந்து இறங்கிவிட்டது, முழங்கால் வலி இல்லை, ஃபோர்க்லிஃப்டிலிருந்து குதித்து இறங்குகிறேன். இவையெல்லாம் நல்ல விஷயங்கள் என்று தெரிகிறது. வேறு யாரோ ஒருவருக்கு நடந்த நல்ல விஷயங்களைப் படிப்பதுபோல் தெரிகிறது. நிலானி அட்டவணை கேட்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்குப் பரீட்சை, தோழிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அறைக்கதவு மூடியிருக்கும். நானே எண்ணை எழுதினேன்.

ஒன்று மட்டும் உள்ளே கிடந்தது. கிருமி பிடித்ததால் அவசரம், அதனால் அவருடையது. அது சரி. ஆனால் டெஸ்ட் அதற்கு முன்பே எடுத்திருக்கிறார்கள். ஞாயிறு தவறாமல் மல்லிகா என்னிடம் நிறையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

8

போன ஆகஸ்ட் விடுமுறையில் நிலானியைக் கூட்டிக்கொண்டு போனேன். வசந்திக்கு லீவு கிடைக்கவில்லை. நோர்வூட்டில் நல்ல மழை. கடைத்தெருவில் எங்கள் அப்பாவோடு வேலை செய்த பெரியவர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து, "என்னா தம்பி, இப்படி எளைச்சுப் போய்ட்டீங்க? சீனியா?" என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு மேல் பாரம் தூக்கி வளர்த்த தோளை அங்கே யாரும் பார்க்கவில்லை. மெலிந்தவன் என்றால் நோயாளி.

மல்லிகா தோட்டத்துத் தனிவீட்டுத் திட்டத்தில் கட்டிய வீட்டில் அந்தோணியோடும் பிள்ளைகளோடும் இருக்கிறாள். பாதையிலிருந்து எழுபது படி இறங்க வேண்டும். முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். மாத்திரைகளால் முகம் உப்பியிருந்தது, ஆனால் நிறம் திரும்பியிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆபரேஷன் பண்ணினது எனக்கா, ஒங்களுக்காண்ணே?" என்றாள்.

நிலானியை அணைத்துக்கொள்ள வந்து, கிருமிப் பயத்தில் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். "சாப்பிட்டியாம்மா?" என்றாள். நிலானி தமிழில், "சாப்பிட்டுது அத்தை" என்றாள். மல்லிகா விழுந்து விழுந்து சிரித்தாள். நிலானியும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே.

அடுத்த நாள் ஒரு சத்தம். கேஸ் சிலிண்டர் வந்திருந்தது. வண்டிக்காரன் மேலே பாதையோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அந்தோணி ஒருவருக்கும் சொல்லாமல் போய் அதைத் தோளில் வைத்துப் பத்துப் படி இறங்கிவிட்டார். மல்லிகா கீழேயிருந்து பார்த்துவிட்டாள்.

"ஏய்யா, ஒனக்கு அறிவிருக்கா? பாரம் தூக்கக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? வயித்துல தையல் விட்டா யாரு ஒன்னத் தூக்கிட்டு கண்டிக்கு ஓடுறது?"

"ஒரு வருசமாகப் போவுது, இன்னும் என்னா தையல்?" என்று அவரும் மேலேயிருந்து கத்தினார்.

"எறக்கி வைய்யா கீழ! வாயப் பாரு!"

நான் படியேறிப் போனேன். அவர் சிலிண்டரை இறக்கிப் படியில் வைத்துவிட்டு, குற்றவாளிபோல் நின்றார். நான் அதைத் தூக்கித் தோளில் வைத்து இறங்கினேன். பாரமாகவே தெரியவில்லை. அவர் எனக்குப் பின்னால், "வழுக்கும் மச்சான், பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அடுப்படியில் வைத்தேன். மல்லிகா சமைத்து முடிக்கும்வரை அவரோடு பேசவில்லை. பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

சாயங்காலம் அந்தோணி ஹயருக்குக் கிளம்பிப் போனார். நிலானி வாசலில் மல்லிகாவின் பிள்ளைகளோடு போனை வைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் பலகையில் உட்கார்ந்திருந்தேன். மல்லிகா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அப்போது கேட்டேன்.

"கிருமி வந்ததாலதான் அவரோடது வச்சாங்களா?"

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"அதுவுந்தான்."

"வேற?"

"டொக்டர் என்கிட்டக் கேட்டாரு. ஒங்க அண்ணனும் கிட்டத்தட்ட எறங்கிட்டாரு, இன்னும் மூணு நாலு வாரம் மருந்து குடுத்துச் சமாளிச்சுக்கலாம், யாரோடதுன்னு நீங்க சொல்லுங்கன்னாரு. நான்தான் இவரோடதப் போடுங்கன்னு சொன்னேன்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"கோவமாண்ணே?"

"தெரியல."

"ஒங்களோடத வாங்கியிருந்தா, சாகுற வரைக்கும் நான் ஒங்களுக்கு நல்ல தங்கச்சியா இருக்கணும். போன் எடுக்குறப்பல்லாம் பணிஞ்சு பேசணும். நீங்க என்ன சொன்னாலும் தலையாட்டணும். இவரையும் நீங்க சொல்ற மாதிரி நடத்தணும்." மாவு ஒட்டிய கையை உதறினாள். "இவருன்னா அப்படி இல்ல. பாத்தீங்கல்ல, இப்பக் கூட ஏசுனேன். இவரோட கிட்னிய வயித்துல வச்சுக்கிட்டே இவர ஏசலாம். ஒங்கள முடியாது."

என் வாயில் ஒரு பதில் வந்தது. நான் அப்படியெல்லாம் எதிர்பார்த்திருக்க மாட்டேன் என்று சொல்லப் போனேன். சொல்லவில்லை. எதிர்பார்த்திருப்பேன். தொண்ணூற்றிரண்டு கிலோவிலிருந்து இறங்கிய ஒவ்வொரு கிலோவிலும் அந்த எதிர்பார்ப்பு இருந்தது; அது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்திருந்தது.

"அப்ப ஏன் வாராவாரம் என் நிறை எவ்வளவுன்னு கேட்ட?"

"நீங்க கொறையணும்ல" என்றாள். "அப்பாவும் சீனியிலதான் போச்சு. சும்மா சொன்னா நீங்க கேப்பீங்களா? எனக்காகன்னாத்தான் செய்வீங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. உப்பிய, களைத்த, பிடிவாதமான கண்கள். இந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று நிலானி கேட்டால் இனி என்னால் ஏதாவது சொல்ல முடியும் என்று தோன்றியது.

தட்டில் ஒரு ரொட்டியை வைத்தாள். இரண்டாவதையும் வைத்தாள்.

"ஒண்ணு போதும்" என்றேன்.

"சாப்பிடுங்க. யாரும் நிறை பாக்கப் போறதில்ல."

சாப்பிட்டேன். அந்த வீட்டில் இருவருக்காகவும் உப்பு போடுவதில்லை. ஒரு ருசியும் இல்லாமல், சூடாக இருந்தது. மூன்றாவதை நானே கேட்டு வாங்கினேன்.